இரவு ஷிப்ட் முடிந்து உறங்குவோரின் கண்ணும் பழ ஈயின் கடிகாரமும்

ஓசூரில் இரவு ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் கிருஷ்ணகிரி திரும்பும் இளம்பெண் ஒருவர், பகலில் தூக்கமே பிடிப்பதில்லை என்று அண்மையில் என்னிடம் வந்தார். வெளிச்சம் உடம்பில் படாதபடி கழுத்துவரை கம்பளி போர்த்திக்கொண்டே படுப்பதாகச் சொன்னவர், ஒற்றை அறை வீடு என்பதால் சமையல் முடியும்வரை தலைக்கு மேல் டியூப்லைட் எரிவதையும், புரண்டு படுக்கும்போதெல்லாம் செல்போனை எடுத்துப் பார்ப்பதையும் நான் கேட்ட பிறகே கூறினார்.

உடம்பு முழுவதும் வெளிச்சத்தை உணரும் என்ற அவருடைய எண்ணம், டிரோசோபிலா என்னும் பழ ஈயைப் பொறுத்தவரை உண்மைதான். (நம் மாந்தோப்புகளில் காயைத் துளைத்து முட்டையிடும் ஈ வேறு, இது கனிந்து நொதிக்கும் பழத்தை மொய்க்கும், எள்ளளவே உள்ள பூச்சி.) அதன் செல்களில் பீரியட், டைம்லெஸ் என்ற இரு புரதங்கள் இரவில் பெருகி, ஒன்றோடொன்று இணைந்து, உட்கருவுக்குள் நுழைந்து, தங்களை உருவாக்கும் மரபணுக்களையே அடக்குகின்றன. நீல ஒளி பட்டதும் கிரிப்டோகுரோம் என்ற மற்றொரு புரதம் டைம்லெஸ்ஸைப் பற்றிக்கொள்ள, அது சிதைக்கப்படுகிறது. துணையிழந்த பீரியடும் பின்னாலேயே குறைகிறது. இந்தப் புரதங்களின் ஏற்ற இறக்கமே ஈயின் உடல் கடிகாரம்; அது இவ்வாறுதான் அன்றாடம் வெளிச்சத்துக்கு ஏற்பத் திருத்தப்படுகிறது. 1997-இல் ஆய்வாளர்கள் பீரியட் மரபணுவோடு மின்மினியின் ஒளிரும் நொதிக்கான மரபணுவைச் சேர்த்தபோது, ஈயிலிருந்து பிரித்துத் தனியே வளர்த்த உடற்பகுதிகள் நாள்தோறும் ஏறி இறங்கி மினுங்கின. வெளிச்ச நேரத்தை மாற்றியதும், மூளையின் தயவின்றியே அவையும் மாறிக்கொண்டன. தலை நீக்கப்பட்ட ஈயிலும், அதன் சிறுநீரகம் போன்ற மால்பீஜியன் குழல்களில் இந்தச் சுழற்சி தொடர்ந்தது.

நம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் கடிகாரப் புரதங்கள் உண்டு. ஆனால் அவை வெளிச்சத்தை நேரடியாக அறிவதில்லை; விழித்திரையில் மெலனாப்சின் என்ற ஒளியுணர் நிறமி கொண்ட சில நரம்புச் செல்கள் அனுப்பும் செய்தியை மூளையின் ஹைப்போதலாமஸ் வாங்கித்தான் மற்ற உறுப்புகளுக்கு நேரம் சொல்கிறது. கழுத்துவரை போர்த்திய கம்பளியால் அவருக்குப் பயனில்லாமல் போனது இதனால்தான்.

பஸ்ஸில் வெயில் விழாத பக்கம் அமரவும், கருப்புக் கண்ணாடி அணியவும், வீட்டில் மடித்த பருத்தித் துணியைக் கண்மேல் கட்டிக்கொண்டு செல்போனை எட்டாத இடத்தில் வைத்துப் படுக்கவும் சொல்லி அனுப்பினேன். இருசக்கர வாகனத்தில் வீடு திரும்புவோர் மட்டும் கருப்புக் கண்ணாடி யோசனையைப் பின்பற்ற வேண்டாம். தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டுபவருக்குச் சாலையில் அந்த வெளிச்சம் தேவை.