கடலை மிட்டாய்ப் பாகு ஏன் 'டங்' என்று கேட்க வேண்டும்?

கோவில்பட்டிப் பக்கம் வீட்டில் கடலை மிட்டாய் போடுகிறார்கள் என்றால் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் ஓர் எவர்சில்வர் தட்டும் இருக்கும். என் பெரியம்மா வீட்டிலும் அப்படித்தான். வெல்லப்பாகு பொங்கிக் கொதிக்கும்போது கரண்டி நுனியால் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுவாள். அடியில் போய் உட்கார்ந்த சொட்டை விரலால் கூட்டி உருட்டி, தட்டில் எறிவாள். முதல் தடவை 'பொத்'தென்று விழுந்து ஒட்டிக்கொள்ளும். "இன்னும் முத்தலட்டி, பொறு" என்பாள். இரண்டு நிமிடம் கழித்து எறிந்தால் சத்தமில்லாமல் கொஞ்சம் உருண்டு நிற்கும். அதற்கடுத்த தடவை 'டங்'கென்று கேட்கும். உடனே அடுப்பை அணைத்து, வறுத்த கடலையைக் கொட்டிவிடுவாள். அந்தச் சத்தத்துக்கு முன்னால் கொட்டினால் மிட்டாய் சவ்வு மாதிரி இழுத்துக்கொண்டு பல்லில் ஒட்டும். ஒரு நிமிடம் பின்னால் கொட்டினால் கசக்கும்.

நான் இயற்பியல் படித்த பிறகுதான் அந்தத் தட்டு ஓர் அளவுகருவி என்பது புரிந்தது. அது அளப்பது என்ன என்று சொன்னால் கடலை மிட்டாயின் கதை முழுவதும் வந்துவிடும்.

கடலை மிட்டாயில் கடலைகளைப் பிடித்து நிறுத்தியிருக்கும் அந்தப் பழுப்புப் பொருள் ஒரு கண்ணாடி. ஜன்னல் கண்ணாடியை மணலில் இருந்து செய்கிறார்கள், இதை வெல்லத்தில் இருந்து செய்கிறோம். ஆனால் உள்ளே நடப்பது ஒன்றுதான். இதைப் புரிந்துகொள்ளக் கற்கண்டை நினைத்துக்கொள்ளலாம். சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் அசையாமல் வைத்தால், சுக்ரோஸ் (சர்க்கரையின் வேதிப்பெயர்) மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வந்து, செங்கல் அடுக்கியது போல் வரிசையில் உட்கார்கின்றன. பட்டையும் முனையுமாகக் கற்கண்டு விளைகிறது. அதே மூலக்கூறுகளை வரிசை கட்ட நேரம் கொடுக்காமல் சட்டென்று குளிரவைத்தால்? திருவிழாக் கூட்டத்தில் நின்றது நின்றபடி எல்லோரும் உறைந்துபோனது போல, ஒழுங்கே இல்லாமல் இறுகிவிடுகின்றன. பார்வைக்குத் திடப்பொருள், அடுக்கிலோ திரவம். அதைத்தான் கண்ணாடி நிலை என்கிறோம். கண்ணாடியில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று உரசி நழுவி இடம் கொடுப்பதில்லை. அதனால் கடித்தால் வளையாது. ஓர் இடத்தில் விழுந்த விரிசல் மறுமுனை வரை ஓடிவிடும். அதுதான் 'நறுக்'.

இந்தக் கண்ணாடிக்கு ஒரே பகை தண்ணீர்.

கொதிக்கும் பாகின் சூடு தொடர்ந்து ஏறுவது ஏன் என்று பார்த்தால் இது தெளிவாகும். வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியசுக்கு மேல் போகாது. பாகில் சர்க்கரை செறியச் செறியக் கொதிநிலை உயரும். 80 சதவீதம் சர்க்கரை உள்ள பாகு சுமார் 112 டிகிரியில் கொதிக்கும். 90 சதவீதமானால் 123-ஐ ஒட்டி வரும். 150 டிகிரியைத் தொட்டால் உள்ளே இருப்பது ஏறக்குறைய முழுக்கச் சர்க்கரைதான், தண்ணீர் 1 சதவீத அளவுக்கு வந்துவிட்டது என்று பொருள். கம்பிப் பதம், உருண்டைப் பதம், உடைபதம் என்று நம் வீடுகளில் சொல்வதெல்லாம் இந்த ஏணியின் படிகள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கால் கிலோ சர்க்கரையில் 5 சதவீதம் தண்ணீர் மிஞ்சியிருந்தால் அது சுமார் 13 மில்லி. 1 சதவீதம் என்றால் இரண்டரை மில்லி. இரண்டுக்கும் இடையே இருப்பது பத்து மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி. பல்லில் ஒட்டும் மிட்டாய்க்கும் நறுக்கென்று உடையும் மிட்டாய்க்கும் உள்ள தூரம் அவ்வளவுதான். கடைசி நிமிடங்களில் பெரியம்மா ஏன் வாசலில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள் என்பது இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் எனக்கு விளங்கியது.

அந்த இரண்டு தேக்கரண்டி ஏன் இப்படிப் பாடுபடுத்துகிறது? ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதற்கு மேலே அது பிசின், கீழே அது கண்ணாடி. அதைக் கண்ணாடி மாற்ற வெப்பநிலை என்கிறார்கள். தண்ணீரே கலக்காத சுக்ரோசுக்கு அது 60 டிகிரிக்குச் சற்று மேலே. குட்டித் தண்ணீர் மூலக்கூறுகள் சர்க்கரை மூலக்கூறுகளுக்கு நடுவே புகுந்து அவை நகர வழி செய்வதால், தண்ணீர் கூடக்கூட இந்த வெப்பநிலை மளமளவென்று இறங்கும். 1 சதவீதத்தில் ஏறத்தாழ 50 டிகிரி, 3 சதவீதத்தில் 35 டிகிரி, 5 சதவீதத்தில் 20 டிகிரி. இப்போது சித்திரை மாத மதியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி. 5 சதவீதம் தண்ணீர் உள்ள மிட்டாய் குளிர்நாட்டுச் சமையலறையில் ஓரளவு உடையும், நம் ஊரில் அது பிசின்தான். நாம் பாகை இவ்வளவு முற்றவிட வேண்டியிருப்பதற்கு நம் வெயிலும் ஒரு காரணம்.

இனி அந்தத் தட்டுக்கு வருவோம். தண்ணீரில் விட்ட சொட்டு உடனே கிண்ணத்துத் தண்ணீரின் சூட்டுக்கு இறங்கிவிடுகிறது. பாகில் ஈரம் அதிகம் இருந்தால் அந்தச் சூட்டில் அது இன்னும் பிசின். தட்டில் மோதும் வேகத்தையெல்லாம் நசுங்குவதிலேயே செலவழித்துவிடும். அதனால்தான் 'பொத்'. ஈரம் வற்றியிருந்தால் சொட்டு கண்ணாடி. நசுங்காது, மோதிய வேகம் தட்டுக்குப் போய் அதிர்வாகிறது. அதனால்தான் 'டங்'. பெரியம்மாவின் காது கேட்டது ஒரு கேள்விக்கான பதிலை: இந்தப் பாகின் கண்ணாடி மாற்ற வெப்பநிலை நம் வீட்டுச் சூட்டைத் தாண்டிவிட்டதா?

இதனாலேயே ஒன்றைக் கவனமாகச் செய்ய வேண்டும். சோதனைக்கு ஃப்ரிட்ஜ் தண்ணீர் வைக்கக் கூடாது. 8 டிகிரித் தண்ணீரில் இளம்பாகும் கல்லாகி 'டங்' என்று பொய் சொல்லும். குழாய்த் தண்ணீர் அல்லது பானைத் தண்ணீர்தான் சரி.

வெப்பமானி இருந்தால் இந்தச் சொட்டு வேலை எதற்கு என்று தோன்றலாம். வெள்ளைச் சர்க்கரைக்கு வெப்பமானி நன்றாகவே உதவும். வெல்லத்துக்கு நான் தட்டைத்தான் நம்புவேன். வெல்லத்தில் சுக்ரோஸ் மட்டும் இல்லை. கரும்புச் சாறு காய்ச்சும்போது ஒரு பங்கு உடைந்து குளுக்கோசும் ஃப்ரக்டோசும் ஆகியிருக்கும், தாது உப்புகளும் புரதத் துணுக்குகளும் உடன் இருக்கும். இந்த அளவு ஆலைக்கு ஆலை, பருவத்துக்குப் பருவம் மாறும். தூய குளுக்கோசின் கண்ணாடி மாற்ற வெப்பநிலை சுமார் 31 டிகிரி, ஃப்ரக்டோசுக்கு வெறும் 5 டிகிரி. இரண்டு வெல்லத்தை ஒரே சூடு வரை காய்ச்சினாலும் ஒன்று நறுக்கென்று உடையும், மற்றொன்று இழுக்கும். வெப்பமானி வெளியேறிய தண்ணீரைத்தான் காட்டும். தட்டோ, தண்ணீரும் ஃப்ரக்டோசும் சேர்ந்து கடைசியில் என்ன ஆகும் என்பதையே காட்டிவிடுகிறது. புது வெல்லம் நொளுநொளுப்பாக இருந்தால் மிட்டாய்க்கு வாங்காதீர்கள். தட்டினால் கெட்டியாகக் கேட்கும் வெல்லம்தான் இதற்குத் தோதானது.

ஆனால் இதே குளுக்கோசும் ஃப்ரக்டோசும் ஒரு நன்மையும் செய்கின்றன. வெறும் வெள்ளைச் சர்க்கரையில் பாகு வைத்தால், கொஞ்சம் கிளறினாலே பூத்துப்போய் மணல்மணலாகிவிடும். சுக்ரோஸ் மூலக்கூறுகள் ஒரே சாயலில் இருப்பதால் சீக்கிரம் வரிசை கட்டிக் கற்கண்டுப் பக்கம் ஓடிவிடுகின்றன. நடுவே வேறு வடிவ மூலக்கூறு வந்து நின்றால் வரிசை கலைகிறது. வெல்லத்தில் அந்த வேற்றாள்கள் பிறவியிலேயே உண்டு. வெள்ளைச் சர்க்கரைக்காரர்கள் அவர்களை வெளியிலிருந்து கூட்டிவர வேண்டும். நம் வீடுகளில் விடும் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு சுக்ரோசை உடைத்து அதைச் செய்கிறது. அமெரிக்கச் சமையலறைகளில் சோளத்தில் இருந்து எடுத்த குளுக்கோஸ் பாகு ஊற்றுகிறார்கள். அவர்கள் கடைசியில் வெண்ணெயும் சமையல் சோடாவும் சேர்ப்பார்கள். சோடாவில் இருந்து வரும் கரியமில வாயு கண்ணாடிக்குள் சின்னச் சின்னக் குமிழிகளை விட்டுவிடுவதால் தடித்த மிட்டாயும் எளிதில் உடைகிறது. கோவில்பட்டி முறைக்குச் சோடா தேவையே இல்லை. இங்கே கடலைதான் அதிகம், பாகு குறைவு. இரண்டு பங்கு கடலைக்கு ஒரு பங்கு வெல்லம் என்று போட்டால், கண்ணாடி மெல்லிய காரை போலக் கடலைகளுக்கு நடுவே நிற்கும். அந்த மெல்லிய பாலங்கள் பல்லுக்குச் சுலபமாக உடைந்துவிடும்.

கடலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தவறு, வாசனை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பச்சைக் கடலைக்கு அவரைக்காய் வாசம்தான். வறுக்கும்போது உள்ளே உள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும், பைரசின் என்ற குடும்பத்து மணப் பொருள்களையும் உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் 1912-இல் விவரித்த வினை இது. சூடான மணலில் வறுத்தால் எல்லாப் பக்கமும் ஒரே சூடு ஏறும். வீட்டில் அடிகனமான இருப்புச்சட்டியும் சிறுதீயும் போதும். தோலைத் தேய்த்துச் சுளகில் புடைத்து, பருப்பு இரண்டாகப் பிரியும்போது உதிரும் முளையையும் நீக்கிவிட வேண்டும், அதில் லேசான கசப்பு உண்டு. சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை படிந்தது எதையும் சேர்க்காதீர்கள். அவற்றில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. இந்த ஒரு வேலையில் சோம்பல் ஆகாது.

பாகில் கொட்டும்போது கடலை சூடாக இருக்க வேண்டும். ஆறிய கடலை பாகின் சூட்டை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும், கிளறுவதற்குள் பாகு இறுகிக் கடலையில் பாதிக்குப் பூச்சே கிடைக்காது. கொஞ்சம் சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, அரிசி மாவு தூவிய பலகையில் கொட்டி, நெய் தடவிய பூரிக்கட்டையால் உடனே தேய்த்துவிட வேண்டும். கத்திக் கோடு போட வேண்டிய நேரமும் மிகச் சின்னது. தொட்டால் சுடும், ஆனால் ஓடாது என்ற நிலையில் பாகு இன்னும் கண்ணாடி ஆகவில்லை, கத்திக்கு இடம் கொடுக்கும். ஐந்து நிமிடம் தாமதித்தால் கோடு போட முடியாது, கண்டபடி தெறிக்கும். வெந்நீரைவிட இந்தப் பாகு சூடு அதிகம், கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு இந்தக் கட்டத்தைச் செய்யுங்கள்.

செய்த பிறகும் தண்ணீர் நம்மை விடாது, காற்றில் வரும். சர்க்கரைக் கண்ணாடி காற்றின் ஈரத்தை இழுக்கும், அதிலும் ஃப்ரக்டோஸ் ரொம்பவே இழுக்கும். மேல்பரப்பில் ஈரம் ஏறினால் அந்த மெல்லிய அடுக்கின் கண்ணாடி மாற்ற வெப்பநிலை அறையின் சூட்டுக்குக் கீழே போய்விடும். மிட்டாய் வியர்த்தது போல் பிசுபிசுக்கும். கோவில்பட்டியில் இந்தத் தொழில் வேர் பிடித்ததற்குக் கரிசல் நிலத்துக் கடலையும் தாமிரபரணித் தண்ணீரும் காரணம் என்பார்கள். 2020 ஏப்ரலில் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் காரணங்களோடு அந்த ஊரின் காய்ந்த காற்றையும் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம். மழை குறைந்த அந்த வட்டாரத்தில்தான் ஈரம் ஆகாத இன்னொரு தொழிலான தீப்பெட்டியும் வளர்ந்தது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மிட்டாய் போட்டே தீர வேண்டும் என்றால், பலகையில் ஆறவிட்டு இரவு முழுக்கக் காற்றில் வைக்காதீர்கள். கைச்சூடு அடங்கியதும் எண்ணெய்த்தாளில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் அடைத்துவிடுங்கள். முழுச் சூட்டோடு மூடினாலும் வம்பு, ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி உள்ளேயே சொட்டும். ஃப்ரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுத்த நொடியில் குளிர்ந்த மிட்டாய்மேல் காற்றின் ஈரம் முத்துமுத்தாய்ப் படியும். பெரியம்மாவின் டப்பாவுக்கு அடியில் ஒரு துணி முடிச்சில் வறுத்த அரிசி கிடக்கும். காய்ந்த அரிசி டப்பாவுக்குள் இருக்கும் ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு தடவை அந்த முடிச்சை எடுத்துத் திரும்ப வறுத்துப் போடுவாள்.