கடல் நஞ்சுச் செய்தியை நம்பி கீமோவைத் தள்ளிப்போடாதீர்கள்

“டாக்டர், கடல் உயிரியின் விஷம் புற்றுநோயைக் கொன்றுவிடுமாமே! அது வரும்வரை கீமோவை நிறுத்திவைக்கலாமா?” செல்போனுக்கு வந்த செய்தியைக் காட்டி நோயாளிகளின் வீட்டார் இப்படிக் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிப்பதில்லை. கடல் தந்த மருந்துகளைப் புற்றுநோய் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகவே எழுதிக்கொடுத்து வருகிறோம்.

ரத்தப் புற்றுநோய்க்கான சைட்டராபின், கடற்பஞ்சு என்ற, இடம்பெயராமல் வாழும் கரீபியக் கடல் உயிரி ஒன்றில் கிடைத்த வேதிப்பொருள்களை முன்மாதிரியாக வைத்து உருவானது. 1969-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் எரிபுலினின் மூலமும் ஒரு கடற்பஞ்சுதான். ஜப்பானிய ஆய்வாளர்கள் 600 கிலோ கடற்பஞ்சைப் பிழிந்து எடுத்த மூலப்பொருள் வெறும் 12.5 மில்லிகிராம். அதன் செயல்படும் பகுதியை ஆய்வகத்திலேயே செய்யக் கற்ற பிறகுதான் மருந்து சாத்தியமானது. 1986-இல் வெளியான கண்டுபிடிப்பு 2010-இல்தான் நோயாளியின் கைக்கு வந்தது.

கடற்பஞ்சு கொட்டுவதில்லை. கொட்டும் உயிரி என்றால் கூம்பு நத்தையைச் சொல்லலாம். ஈட்டி வடிவப் பல்லை மீனின் உடலில் பாய்ச்சி நஞ்சைச் செலுத்தி, அதை அசையவிடாமல் செய்துவிடும். அந்த நஞ்சிலுள்ள ஒரு பெப்டைடை (சிறு புரதத் துண்டை) அப்படியே செயற்கையாகச் செய்ததுதான் சிகோனோடைடு. 2004-இல் ஒப்புதல் பெற்ற இம்மருந்து கட்டியைச் சிறிதும் கரைக்காது. மார்ஃபினுக்கும் அடங்காத வலியை, தண்டுவடத்திலேயே தடுக்கிறது. சிறிய பம்ப் ஒன்றின் வழியே தண்டுவடத் திரவத்தில் சொட்டுச் சொட்டாகச் செலுத்த வேண்டும். அளவு மிஞ்சினால் மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் வரும். வலியால் உறங்காதவரைப் பார்த்தவர்கள் இதைச் சிறிய உதவி என்று சொல்லமாட்டார்கள்.

ஆய்வகத் தட்டில் புற்றுச்செல் செத்தது என்ற செய்தியில் நான் மகிழ்ந்துபோவதில்லை. உப்பின் செறிவைக் கூட்டினாலே தட்டிலுள்ள செல் செத்துவிடும். நல்ல செல்லை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் கொல்கிறதா என்பதே கேள்வி. கடல் முயல் என்ற, வெளியே ஓடு தெரியாத நத்தையில் கண்டெடுத்த டோலாஸ்டாட்டின் என்ற நஞ்சு அங்கேதான் தடுமாறியது. தனியாகக் கொடுத்தபோது எதிர்பார்த்த பலன் இல்லை, பக்கவிளைவுகள் இருந்தன. பிறகு அதை ஒத்த ஒரு பொருளை, குறிப்பிட்ட புற்றுச்செல்லைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளோடு பிணைத்தார்கள். செல்லுக்குள் போனபிறகே நஞ்சு அவிழும். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் இன்று நாங்கள் நம்பியிருக்கும் பிரென்டக்சிமாப் வெடோட்டின் இப்படித்தான் 2011-இல் வந்தது.

ஆகவே அடுத்த முறை இத்தகைய செய்தி வந்தால், சோதனை நடந்தது தட்டிலா, எலியிலா, மனிதரிலா என்று பாருங்கள். மனிதரில் என்றால், உங்களுக்கு உள்ள அதே புற்றுநோய்க்கா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். உங்களுக்குப் பொருத்தமான மருந்து ஆய்வு நடந்தால், நீங்கள் அதில் சேர அவரே வழிசொல்வார். “கடல் மருந்து” என்று விற்கும் பொடியோ சொட்டு மருந்தோ ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காதீர்கள், திட்டமாட்டோம். கல்லீரல் பரிசோதனை முடிவு திடீரென்று ஏறினால் அடுத்த கீமோவையே தள்ளிவைக்க நேரிடும். காரணம் தெரிந்தால்தான் எங்களால் விரைவாகச் சரிசெய்ய முடியும்.