நள்ளிரவில் மோட்டார், காலையில் சர்க்கரை

ரங்கூனில் இட்லிக் கடை நடத்தும் ஓர் அக்கா போன வாரம் தன் வீட்டு காலண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவைப் பென்சிலால் குறித்திருந்தார். சில எண்களுக்குப் பக்கத்தில் ‘மீ’ என்று ஒரே ஓர் எழுத்து.

“அண்ணே, ராத்திரி சாப்பாடு அதேதான், மாத்திரையும் அதேதான். ‘மீ’ போட்ட நாள்ல மட்டும் ஏன் இருபது முப்பது ஏறி நிக்குது? எங்கம்மா பக்கவாதம் வந்து போனவங்க. எனக்கும் அந்த வழிதானா?”

இங்கே இருப்பவர்களுக்கு ‘மீ’ என்றால் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. அந்த முறை நள்ளிரவு ஒரு மணிக்கு விழுந்தால், “மீ லா ப்யீ!” என்று தெருவே குரல் கொடுக்கும். விளக்கு வந்துவிட்டது என்று பொருள். வீட்டுக்கு ஒருவர் எழுந்து மோட்டார் போட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏற்றுவார், அரிசி வைப்பார், போனையும் பேட்டரியையும் சார்ஜில் போடுவார். தொட்டி நிறையும்வரை படுக்க முடியாது. அந்த அக்கா வீட்டில் எழுவது அவர்தான்.

அவர் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. தூக்கத்தையும் சர்க்கரையையும் வாதத்தையும் சேர்த்துப் பார்த்தாரே, அந்த மூன்றும் உடம்புக்குள்ளும் சேர்ந்தேதான் இருக்கின்றன.

வாதத்தைப் பற்றித் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான், ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. சேமித்து வைத்துக்கொள்ள அதற்கு இடமில்லை. ரத்தக்குழாய் அடைத்தாலும் வெடித்தாலும் அந்தப் பக்கத்து நரம்புச் செல்கள் பட்டினியில் சாகும். பெரிய குழாய் ஒன்று அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் போகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. சர்க்கரை நோய் உள்ளவருக்கு அடைப்பால் வரும் வாதத்தின் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஏன் இரண்டு மடங்கு? தசைச் செல்லின் வாசலில் இன்சுலின் வந்து தட்டினால்தான் சர்க்கரை உள்ளே போகும். ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்களுக்கு அப்படிப்பட்ட வாசல் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அவற்றுக்குள்ளும் ஏறும். அடைத்துக்கொள்ளத் தெரியாத வீடு அது. உள்ளே குவிந்த சர்க்கரையை எரிக்கும்போது செல்லையே அரிக்கும் மூலக்கூறுகள் உண்டாகின்றன, சுவர் தன் வழவழப்பை இழக்கிறது, குழாயை விரித்துத் தரும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. கொழுப்பும் ரத்தத் தட்டணுக்களும் ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. வருடக்கணக்கில் ஓசையில்லாமல் நடக்கும் வேலை இது.

இனி தூக்கத்துக்கு வருகிறேன். எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத இடம் இது.

விழித்திருக்கும்போது மூளை மேற்பரப்பு நரம்புகள் சந்தைக் கூட்டம்போல ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருக்கும். ஆழ்ந்த தூக்கத்தில் அவையே கும்மி அடிக்கும் பெண்களைப்போல ஆகிவிடுகின்றன. கோடிக்கணக்கான நரம்புகள் ஒரே நேரத்தில் துடிக்கும், ஒரே நேரத்தில் அடங்கும். மறுபடி துடிக்கும், அடங்கும். மூளைமின் பதிவில் வினாடிக்கு நான்குக்கும் குறைவான, உயரமான, சோம்பலான அலைகளாக அது தெரியும். மெது அலைத் தூக்கம் என்கிறார்கள். அப்போது மூளை உண்ணும் சர்க்கரை குறைகிறது, இதயத் துடிப்பு தணிகிறது, உடம்பை உசுப்பும் நரம்புகள் ஓய்கின்றன, வளர்ச்சி ஹார்மோன் சுரக்கிறது. படுத்தவுடன் வரும் முதல் சில மணி நேரத்தில்தான் இந்த அலைகள் அதிகம். விடியற்காலையில் மிகக் குறைவு.

2008-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் எஸ்ரா தசாலி, ஈவ் வான் காட்டர் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். உடல் நலமுள்ள ஒன்பது இளைஞர், இளம்பெண்களைத் தூங்க வைத்து, மெது அலை தலைகாட்டும் போதெல்லாம் காதருகே ஒரு சத்தம் கொடுத்தார்கள். சத்தத்தின் அளவை அவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்திருந்தார்கள். தூங்குபவர் விழித்துக்கொள்ளக் கூடாது, அலை மட்டும் கலைய வேண்டும். மொத்தத் தூக்க நேரம் குறையவே இல்லை. அப்படி மூன்றே இரவு. அவர்கள் உடம்பு இன்சுலினுக்குச் செவிசாய்க்கும் திறன் சுமார் 25 சதவீதம் குறைந்துபோனது. பத்துப் பன்னிரண்டு கிலோ எடை கூடினால் ஆகிற அளவு சரிவு அது!

எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்றுதான் நாம் எண்ணுகிறோம். உடம்பு அதை மட்டும் எண்ணவில்லை, தூக்கம் எங்கே உடைந்தது என்றும் பார்க்கிறது.

உடைந்தால் என்ன ஆகிறது? உசுப்பும் நரம்புகள் மறுபடி கிளம்புகின்றன. கார்ட்டிசால், நார்அட்ரினலின் என்ற உசுப்பும் ஹார்மோன்கள் இரண்டும் ‘ஏதோ ஆபத்து, ஓட வேண்டியிருக்கும்’ என்று கல்லீரலுக்குச் சொல்ல, அது தன் கிடங்கிலிருந்து சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது. கொழுப்புத் திசுவும் கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் கொட்டுகிறது. தசைச் செல்லுக்குக் கொழுப்பு வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டால், இன்சுலின் வந்து தட்டும்போது சர்க்கரை வாங்கும் வாயில்களை மேற்பரப்புக்குக் கொண்டுவருவதில் அது சுணங்குகிறது. கல்லீரல் ஊற்றுகிறது, தசை வாங்க மறுக்கிறது. நடுவில் ரத்தத்தில் நிற்பதுதான் காலையில் அக்காவின் மீட்டர் காட்டும் எண். அவர் பதினொரு மணிக்குப் படுப்பவர். ஒரு மணிக்கு எழுவது, மெது அலைகள் நன்றாக ஓடும் நேரத்தின் நடுவிலேயே கத்தி வைப்பதுபோல.

ஒருவருடைய காலண்டர் விஞ்ஞான நிரூபணம் ஆகாது. ஆனால் சோதனைக்கூடம் காட்டிய திசையிலேயே அந்தப் பென்சில் எண்களும் நிற்கின்றன.

ரத்த அழுத்தமும் இதே கதைதான். நல்ல தூக்கத்தில் அது பகல் அளவிலிருந்து 10 முதல் 20 சதவீதம் இறங்கும். குழாய்களுக்கு ஒரு நாளில் கிடைக்கும் ஓய்வு அவ்வளவுதான். அது இறங்காதவர்களுக்கு வாதம் கூடுதலாக வருகிறது. குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று, திடுக்கென்று இழுப்பவர்களுக்கு இரவெல்லாம் அழுத்தம் ஏறி ஏறி இறங்கும். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் ‘அசதியில் குறட்டை விடுகிறார்’ என்று விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

2023-இல் வெளியான, பல நாடுகளில் சுமார் 4,500 பேரை வைத்துச் செய்த ஆய்வில், இரவு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குபவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்குபவர்களைவிட வாதம் வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்குச் சற்று மேல் இருந்தது. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தூங்குபவர்களுக்கும் இரண்டு மடங்குக்கு மேல். இதைப் பார்த்து நீண்ட தூக்கமே நோய் தருகிறது என்று முடிவு கட்ட வேண்டாம். உள்ளே ஏதோ நோய் இருப்பதாலும் ஒருவர் நிறையத் தூங்கலாம்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை வசதியான நாடுகளில், குளிரூட்டிய அறைகளில் நடந்தவை. முறை வைத்து வரும் மின்சாரம் ஒரு ஊரையே நள்ளிரவில் எழுப்புகிற இடங்களில் இதை ஆராயப் பணம் ஒதுக்க வேண்டும். பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். நூறு வீடு, நூறு காலண்டர், நூறு பென்சில், சர்க்கரை பார்க்கும் பட்டைகளுக்குக் கொஞ்சம் காசு. அந்தப் பட்டை விற்கிற விலையில் பலர் மாதத்துக்கு ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை.

பர்மிய மொழியில் வாதத்துக்கு ‘லே ப்யத்’ என்று பெயர். காற்று வெட்டிவிட்டது என்று அர்த்தம். நம் ‘வாதம்’ என்ற சொல்லும் காற்றுதான். இரண்டு மொழியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது அழகுதான். ஆனால் பெயரை நம்பி வைத்தியம் செய்தால் உயிர் போகும். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று கயிறு கட்டுவதும், எண்ணெய் தேய்த்து நீவுவதும், விரல் நுனிகளில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதும் இன்னும் நடக்கின்றன. என் அப்பாவுக்கும் குத்தினார்கள். பத்து விரலிலும் சிவப்புப் பொட்டுகளோடு அவர் கிடந்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. நான் அப்போது பதினாறு வயதுப் பையன். தடுக்கத் தெரியவில்லை.

அக்காவுக்குச் சொன்னது இதுதான். சர்க்கரை உள்ளவரை மோட்டார் போட எழுப்பாதீர்கள். வீட்டில் இளம்பிள்ளைகள் இருந்தால் முறை வைத்துக்கொள்ளட்டும். முடியாத வீட்டில் சீக்கிரம் படுத்துவிடுங்கள். ஒன்பதரைக்குப் படுத்தால் ஒரு மணிக்குள் ஆழ்ந்த தூக்கத்தில் பெரும்பகுதி கையில் வந்துவிடும். விழித்ததற்காக டின் பால் ஊற்றிய டீ குடிக்காதீர்கள். மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சர்க்கரை மிகவும் இறங்கினாலும் ஒரு பக்கம் கை கால் தளரலாம், நாக்கு குழறலாம், பார்ப்பதற்கு வாதம் போலவே இருக்கும். அதனால் மீட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வாய் கோணினால், ஒரு கை தாழ்ந்தால், பேச்சு குழறினால் உடனே கிளம்ப வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாதங்களில் சுமார் ஐந்தில் ஒன்று தூக்கத்தில் வருகிறது, விடிந்து எழும்போதுதான் தெரிகிறது. அப்போது மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?’ இரவு பத்து மணி என்றால் நேரம் கடந்துபோயிருக்கும். மோட்டார் போட எழுந்தவர் திரும்பிப் படுக்கும்முன் பெரியவரை ஒருமுறை பார்த்து, அவர் தானாக விழித்திருந்தால் மட்டும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மணியைக் காலண்டரில் எழுதி வைக்கட்டும். ‘மூன்று மணிக்குத் தெளிவாகப் பேசினார்’ என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால், காலை ஆறு மணிக்கு அந்த ஊசிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் மிச்சம் இருக்கும்.