லெகசி: மரபா, தாயமா, எச்சமா?

ஒரு தலைவர் இறந்த அன்று இரவு தொலைக்காட்சி விவாதத்தில் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும் சொல் ‘லெகசி’. “அவருடைய லெகசி என்றும் நிலைக்கும்” என்பார் ஒருவர். “எந்த லெகசியைச் சொல்கிறீர்கள், காணாமல் போனவர்களின் பட்டியலையா?” என்பார் எதிரே இருப்பவர். இருவர் வாயிலும் ஒரே சொல்தான். ஒருவருக்கு அது மலர்வளையம், மற்றவருக்குக் குற்றப்பத்திரிகை. இதைத் தமிழில் எழுத உட்காருபவர் அகராதியைத் திறந்தால் மரபு, மரபுரிமை, பாரம்பரியம் என்று வரிசையாக நிற்கும். எதை எடுத்துப் போட்டாலும், தெரிந்தோ தெரியாமலோ, மலர்வளையம் வைத்தவர் பக்கம் போய் நின்றுவிடுகிறோம்.

முதலில் சொல் வந்த வழி. லத்தீனில் ‘லெக்ஸ்’ என்றால் சட்டம். அதையொட்டிய ‘லெகாரே’ என்ற வினைக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒருவரைத் தூது அனுப்புவது ஒன்று, உயில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது இன்னொன்று. பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது ‘லெகசி’ குறித்தது தூதுக்குழுவையும் தூதர் பதவியையும்தான். உயில்வழிச் சொத்து என்ற பொருள் அடுத்த நூற்றாண்டில் கூடவே வந்து, மெல்ல மெல்ல மூத்த பொருளை விரட்டிவிட்டது. பணம், நிலம் என்று கையில் பிடிக்க முடியாதவற்றுக்கும் அது நீண்டது அதற்குப் பிறகு. கணினிக்காரர்களும் இதைத் தங்கள் பங்குக்கு எடுத்துக்கொண்டார்கள். தூக்கி எறியவும் முடியாமல் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் முடியாமல் நிறுவனங்கள் கட்டி இழுக்கும் பழைய மென்பொருளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘லெகசி சிஸ்டம்’. பெருந்தலைவர்கள் சிலரைப் பற்றிச் சொல்ல இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தோன்றவில்லை.

உயிலுக்கும் அரசியலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. உயிலில் எழுதிய சொத்தை வேண்டாம் என்று வாரிசு மறுத்துவிடலாம். ஆட்சி செய்து போனவர் விட்டுச்செல்வதை யாரும் மறுக்க முடியாது. அது எல்லார் வீட்டுக்குள்ளும் வந்துவிடும், வெறுத்தவர் வீட்டுக்குள்ளும்.

இனி நம் பக்கம். ‘பாரம்பரியம்’ வடமொழியின் ‘பரம்பரை’யிலிருந்து வந்தது. ஒன்றன்பின் ஒன்றாகத் தலைமுறைகள் தொடர்வது அதன் உயிர். ‘மரபு’ அதைவிட ஆழமான சொல், தொல்காப்பியத்தில் ஓர் இயலுக்கே பெயர். ஆனாலும் பல தலைமுறையினர் ஏற்று வழங்கினால்தான் அது மரபு. போன வாரம் இறந்தவருக்கு அதற்குள் மரபு எப்படி வாய்க்கும்? மேலும் இரண்டு சொற்களிலும் ஒரு வணக்கத் தொனி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘சர்வாதிகாரியின் பாரம்பரியம்’ என்று எழுதினால் கேலியாகத்தான் படும்.

‘சகாப்தம்’ இன்னும் மோசம். “ஒரு சகாப்தம் முடிந்தது” என்று இரங்கல் செய்தி தவறாமல் சொல்கிறது. சகாப்தம் என்றால் சக ஆண்டு, கி.பி. 78இல் தொடங்கும் காலக்கணக்கு. அது இன்னும் முடியவே இல்லை.

‘வாரிசு’ அரபியிலிருந்து வந்தது. பெறுகிறவரைக் குறிக்குமே தவிர விடப்பட்டதைக் குறிக்காது. ‘தாயம்’ நல்ல பழந்தமிழ்ச் சொல். புறநானூற்றின் 75ஆம் பாட்டில் சோழன் நலங்கிள்ளி, மூத்தோர் இறந்தபின் தன் கைக்கு வந்த அரசுரிமையைப் ‘பழவிறல் தாயம்’ என்கிறான். சிறியவன் பெற்றால் அது பாரமாகும் என்பது அவன் கருத்து. மிக நயமான பாட்டு, ஆனால் தாயம் என்பது நாற்காலிக்கான உரிமை. தலைவர் இறந்ததும் லெகசி பற்றிய பேச்சு எப்படியோ ‘அடுத்து யார்’ என்ற பேச்சாகச் சுருங்கிவிடுவதற்கு, நாம் தாயத்தையும் லெகசியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதும் ஒரு காரணம்.

எஞ்சியிருப்பது எச்சம். அதுதான் என் கட்சி.

அஞ்சு என்றால் அச்சம், மிஞ்சு என்றால் மிச்சம், அதே வார்ப்பில் எஞ்சு என்றால் எச்சம். ஒருவர் போனபின் எது மீந்திருக்கிறதோ அது. நல்லது கெட்டது என்ற தீர்ப்பு சொல்லுக்குள் இல்லை. வள்ளுவர் இதை வைத்தே ஒரு குறளைக் கட்டியிருக்கிறார்: “தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்.” இது எந்த அதிகாரத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். புகழ் அதிகாரத்தில் அல்ல, நடுவு நிலைமையில். இறந்தவரைப் பற்றி நல்லதையே பேசு என்று ஒரு பழைய லத்தீன் வாசகம் உண்டு. குறள் அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. ஒருவர் எப்படிப்பட்டவர் என்று எடைபோடும் இடமே அவர் விட்டுப்போன எச்சம்தான்.

எச்சம் என்றால் என்ன என்பதிலேயே உரைகாரர்கள் ஒத்துப்போகவில்லை. பரிமேலழகர் அதை மக்கட்பேறாகக் கொண்டார், நல்ல பிள்ளைகள் இருக்கிறார்களா இல்லையா என்பதை வைத்து அறியலாம் என்றார். இக்கால உரைகள் பல, பின்னால் நிற்கும் புகழும் பழியும் என்று கொள்கின்றன. எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. அதற்கு ஆதாரம் குறளிலேயே இருக்கிறது, ‘புகழ்’ அதிகாரத்தில் “இசையென்னும் எச்சம்” என்று அவரே சொல்லியிருக்கிறார். யாராலும் விரும்பப்படாதவன் எதைத்தான் தன் எச்சம் என்று எண்ணுவானோ என்று வேறோரிடத்தில் கேட்கவும் செய்கிறார்.

எல்லாவற்றையும்விடக் கூர்மையானது வினைசெயல்வகை அதிகாரத்தில் இருக்கிறது: “வினைபகை என்றிரண்டின் எச்சம் நினையுங்கால் தீயெச்சம் போலத் தெறும்.” செய்யத் தொடங்கிய வேலை, மூட்டிய பகை, இரண்டிலும் மிச்சம் வைத்தால் அணைக்காமல் விட்ட நெருப்பைப் போல அது பிறகு சுடும். அமைச்சர்களுக்குச் சொன்ன அறிவுரை இது. இசையெச்சம் ஒரு கையில், தீயெச்சம் மறு கையில். சர்ச்சைக்குரிய தலைவரின் இறப்புக்குப் பின் ஊர் இரண்டுபடுவதன் முழுக் கதையும் இந்த இரண்டு தொடர்களுக்குள் அடங்கிவிடுகிறது.

சிலி நாட்டைப் பாருங்கள். 1973 முதல் 1990 வரை ஆண்ட அகுஸ்தோ பினோசே 2006 டிசம்பர் 10 அன்று இறந்தார். அது உலக மனித உரிமை நாள் என்பதைத் தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் ஆட்சியில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் மூவாயிரத்துக்கு மேல். சாந்தியாகோவில் ஒரு தெருவில் அழுகை, இன்னொரு தெருவில் ஆட்டம். அன்றைய அதிபர் மிச்செல் பாச்செலெட் அரசு மரியாதை கிடையாது என்றார், முன்னாள் தளபதி என்ற முறையில் இராணுவ மரியாதையோடு நிறுத்திக்கொண்டார்கள். பாச்செலெட்டே அந்த ஆட்சியில் தடுத்துவைக்கப்பட்டவர், அவருடைய தந்தை சிறையில் இறந்தவர். இதில் எச்சம் எது? அழுதவர்கள் வளர்ந்த பொருளாதாரம் என்பார்கள், ஆடியவர்கள் புதைகுழி என்பார்கள். இரண்டு பேரும் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒன்று உண்டு: பினோசே ஆட்சி கொண்டுவந்த 1980ஆம் ஆண்டின் அரசியல் சட்டம். பலமுறை திருத்தப்பட்டும் அது இன்னும் நடப்பில் இருக்கிறது. 2022இல் ஒரு புதிய வரைவையும் 2023இல் இன்னொன்றையும் மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்துவிட்டார்கள், முதலாவது இடதுசாரிச் சாய்வு, இரண்டாவது வலதுசாரிச் சாய்வு. விரும்பவும் இல்லை, விடவும் இல்லை. இதற்குப் ‘பாரம்பரியம்’ என்று பெயர் வைத்துப் பாருங்கள், பொருந்துகிறதா? ‘எச்சம்’ என்றால் அப்படியே உட்காருகிறது.

பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் 2013 ஏப்ரல் 8 அன்று இறந்தார். 17ஆம் தேதி இலண்டன் புனித பவுல் தேவாலயத்தில் அரசியாரே கலந்துகொண்ட இறுதிச் சடங்கு. அதே நாளில் தென் யார்க்ஷயரில் கோல்ட்தோர்ப் என்ற பழைய சுரங்க ஊரில் அவருடைய உருவப் பொம்மையைச் சவப்பெட்டியில் வைத்துக் கொளுத்தினார்கள். அவர் ஆட்சியில் நடந்த 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் தீயெச்சம் ஏறக்குறைய முப்பது ஆண்டு கனன்றிருந்தது என்று இதைச் சொன்னால் மிகையில்லை. அதே தாட்சரின் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாடகைக்கு இருந்த அரசுக் குடியிருப்பைச் சொந்தமாக வாங்கியவர்களும் அதே நாட்டில்தான் இருக்கிறார்கள். கைக்கு வந்த சாவியும் எச்சம், மூடிய சுரங்கமும் எச்சம். ஒன்றைக் காட்டி மற்றதைக் கழித்துவிட முடியாது.

எச்சத்தைத் தானே வரையறுத்துவிட முயன்றவரும் உண்டு. என் பெயரில் சிலையோ தெருவோ வேண்டாம் என்று ஃபிடல் காஸ்த்ரோ சொல்லிவிட்டுப் போனார், 2016 நவம்பர் 25 அன்று அவர் இறந்தபின் கியூபா அதைச் சட்டமாகவே ஆக்கியது. ஹவானாவில் ஒன்பது நாள் துக்கம். கடல் தாண்டி மயாமியில், அவரிடமிருந்து தப்பி வந்த குடும்பங்கள் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு தெருவில் இறங்கின. சிலை இல்லாவிட்டாலும் எச்சம் இருக்கும் என்பதற்கு மயாமியை விடவா சாட்சி வேண்டும்?

எச்சத்துக்கு இன்னும் இரண்டு பொருள்கள் உண்டு, இரண்டும் இந்தப் பேச்சுக்கு உதவும். ஒன்று குறை. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் ‘எண்பேர் எச்சம்’ என்பது பிறவிக் குறைகள் எட்டைச் சுட்டுகிறது. செய்யாமல் விட்டதும் எச்சம் என்றாகிறது. மற்றொன்று இலக்கணம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயல் எச்சவியல். எஞ்சி நிற்கும் பொருளை இன்னொரு சொல் வந்து முடித்துவைக்க வேண்டிய தொடர்களை அது பேசுகிறது. பள்ளியில் படித்த பெயரெச்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆண்ட’ என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். ‘ஆண்ட மேதை’ என்று முடிக்கலாம், ‘ஆண்ட கொடுங்கோலர்’ என்றும் முடிக்கலாம். இறந்தவர் தன் வினையைச் செய்து முடித்துவிட்டார், பெயரைப் போடுவது உயிரோடிருப்பவர்கள். அதற்குத்தான் சண்டை. குறளின் ‘காணப்படும்’ என்ற சொல்லையும் இதோடு வைத்துப் படிக்கலாம். யாரால் காணப்படும் என்று வள்ளுவர் சொல்லவில்லை.

பெயர் மாறிக்கொண்டே போகலாம் என்பதற்கு ஆலிவர் கிராம்வெல் போல இன்னொருவர் கிடைப்பது அரிது. அரசனின் தலையைக் கொய்து இங்கிலாந்தைக் குடியரசாக்கியவர்களில் முதன்மையானவர், 1658இல் இறந்து வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கமானார். முடியாட்சி திரும்பியதும் 1661இல் உடலைத் தோண்டியெடுத்துத் தூக்கிலிட்டார்கள், தலையை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் மேல் கம்பத்தில் செருகினார்கள். 1899இல் அதே மண்டபத்துக்கு வெளியே அவருக்குச் சிலை எழுந்தது. அப்போதும் அயர்லாந்து உறுப்பினர்களின் எதிர்ப்பால் நாடாளுமன்றப் பணம் கிடைக்கவில்லை, தனிப்பணத்தில்தான் நிறுத்தினார்கள். 1649இல் கிராம்வெல் படை தங்கள் திரோகெடா நகரில் நடத்திய படுகொலையை அயர்லாந்துக்காரர்கள் மறந்திருக்கவில்லை. 250 ஆண்டுக்குப் பின்னும் ஆறாத தீயெச்சம் அது.

எச்சம் என்று எழுதினால் பறவை எச்சம்தானே நினைவுக்கு வரும், வாசகர் சிரித்துவிட மாட்டாரா என்று ஆசிரியர் குழுவில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. எச்சிலும் இதே வேரில் முளைத்ததுதான். அதனால் தனியாக நிறுத்தாமல் துணையோடு எழுதலாம்: ‘அரசியல் எச்சம்’, ‘புகழெச்சம்’, ‘அவர் ஆட்சியின் எச்சம்’. பேச்சு நடையில் ‘விட்டுச்சென்றது’ போதும். “தாட்சர் விட்டுச்சென்றது வரமா சாபமா என்பதில் பிரிட்டன் இன்றும் இரண்டுபட்டு நிற்கிறது” என்று எழுதினால் லெகசியும் வேண்டாம், அடிக்குறிப்பும் வேண்டாம். சட்டப் பொருளில் வந்தால் ‘உயில்வழிக் கொடை’. பல தலைமுறை கடந்து எல்லாரும் ஏற்றுக்கொண்டதற்கு மட்டும் ‘மரபு’.

பறவையைக் கண்டு அவ்வளவு கூசவும் வேண்டியதில்லை. தாட்சர் பிறந்த கிராந்தம் ஊரில் 2022 மே மாதம் அவருக்குச் சிலை வைத்தார்கள். கைக்கு எட்டாத பத்தடி பீடம். வைத்த இரண்டு மணி நேரத்துக்குள் முட்டை வந்து விழுந்தது, பறவைகளிடமிருந்து அல்ல.