ஈஸ்னோபில் ‘ஒவ்வாமை அணு’ அல்ல

ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தமிழில் விளக்கக் கிளம்பியவர்கள், ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான ஈஸ்னோபிலுக்கு ‘ஒவ்வாமை அணு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நலவாழ்வுத் துணுக்கு, வாட்ஸ்அப் குறிப்பு என எங்கும் இதே சொல். இது தவறு.

வேர் எளியது. இயோசின் ஒரு செந்நிறச் சாயம். கிரேக்கத்தில் ‘ஈயோஸ்’ என்றால் வைகறை. ‘ஃபில்’ என்றால் விரும்புவது. அந்தச் சாயத்தைப் பிடித்துச் சிவக்கும் மணிகள் நிறைந்த வெள்ளணுவை 1879-இல் பால் எர்லிக் விவரித்தார். பெயரில் நோய் எதுவும் இல்லை.

நோயைப் பெயரில் ஏற்றினால் என்ன ஆகும்? குடியாத்தம் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் சீட்டை நீட்டி, “அலர்ஜி அணு ஏறிப்போச்சாம்பா, கத்திரிக்காயும் கருவாடும் விட்டுட்டேன்” என்றார். அவர் வெறுங்காலோடு கழனியில் நிற்கிறவர். கொக்கிப்புழுவின் இளம்புழு ஈரமண்ணிலிருந்து பாதத்தைத் துளைத்து உடம்புக்குள் போகும். அப்போதும் ஈஸ்னோபில் ஏறும். அவருக்கு முதலில் தேவை மோஷன் டெஸ்ட். அந்தப் பெயரோ அவரைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டது. ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்னும் புழு இருப்பது தெரியாமல், ‘அலர்ஜிதானே’ என்று ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடம்பெங்கும் பரவி உயிரையே எடுக்கலாம். இரவெல்லாம் இருமி, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஈஸ்னோபில் எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டினால், யானைக்கால் புழுவையும் சந்தேகிக்க வேண்டும்.

இந்த அணு சும்மா இருக்கும் காலத்திலும் வேலை உள்ளதுதான். நலமான உடம்பில் இவற்றில் பெரும்பாலானவை ரத்தத்தில் இல்லை, குடல் போன்ற திசுக்களில் இருக்கின்றன. ரத்தத்தில் வெள்ளணுக்களில் 1 முதல் 6 சதவீதம் வரை இருப்பது இயல்பு. இந்த அணு, தன்னால் விழுங்க முடியாத அளவு பெரிய புழுவின் மேல் ஒட்டி, தன் மணிகளில் உள்ள நச்சுப் புரதங்களைக் கொட்டும். அதே புரதங்கள் ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்தோலை அரிக்கும். காப்பதும் கெடுப்பதும் ஒரே சரக்கு. இதில் ஒவ்வாமை ஒரு பாதிதான். அந்தப் பாதியை மட்டும் பெயராக்குவது நியாயமா? இந்தக் கணக்கில் தட்டணுவை ‘டெங்கு அணு’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

‘அமிலநாடி’ என்போரும் உண்டு. இயோசின் அமிலச் சாயம் என்பதால் தர்க்கம் சரி. ஆனால் அமிலம் என்றதும் நெஞ்செரிச்சலும், நாடி என்றதும் கையைப் பிடித்துப் பார்ப்பதும்தான் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வரும். ‘இயோசினேற்பி’யும் ஆகாது, ஏற்பி என்பது ‘ரிசெப்டர்’ என்ற வேறொரு பொருளில் நிலைத்துவிட்டது. என் தேர்வு ‘இயோசின்விரும்பி’. ‘ஹைட்ரோஃபிலிக்’ என்பதை நீர்விரும்பி என்று ஏற்கெனவே எழுதுகிறோமே. சாயத்தின் பெயரைச் சாயத்தின் பெயராகவே விட்டுவிடலாம்.

அப்புறம், ‘ஈஸ்னோபீலியா 4 சதவீதம்’ என்று எழுதுகிறார்களே, அதுவும் பிழை. ஈஸ்னோபில் அணு, ஈஸ்னோபீலியா அது மிகுந்த நிலை. இயல்பான 4-ஐப் பார்த்து நோய் என்று பயப்படுகிறவர்களை வேலூரில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். மிகுந்தால் ‘இயோசின்விரும்பி மிகை’ என்று எழுதலாம். அது கடினம் என்று தோன்றினால், எல்லாருக்கும் பழகிய ஈஸ்னோபிலையே எழுதிவிட்டுப் பக்கத்தில் இயல்பளவைப் போடுங்கள்.