பனி குறைந்த வருஷத்தில் பனிச்சரிவு அபாயம் ஏன் அதிகம்?

"குல்மார்க்கில் இந்த முறை பனி குறைவாமே, பனிச்சரிவு பயமில்லாமல் சறுக்கப் போகலாம்தானே?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் நேர்மாறானது.

2024 ஜனவரியில் காஷ்மீரின் பனிச்சறுக்குத் தலமான குல்மார்க் பனியே இல்லாமல் வறண்டு கிடந்தது. பிப்ரவரியில் ஒரேயடியாகக் கொட்டியது. 22ஆம் தேதி அங்குள்ள அபர்வத் மலையில் பனிச்சரிவில் சிக்கி ரஷ்யர் ஒருவர் இறந்தார். அந்தச் சரிவுக்கு இதுதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் நீண்ட வறட்சி, அப்புறம் பெரும்பனி என்ற வரிசையைக் கண்டால் பனி தெரிந்தவர்கள் உஷாராகிவிடுவார்கள்.

மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்ற காற்றழுத்தத் தாழ்வுகள்தான் இங்கே பனியைக் கொட்டுகின்றன. விஷயம் அது விழுந்த பிறகு நடப்பதில் இருக்கிறது.

அரை மீட்டர் பனி கிடப்பதாக வைத்துக்கொள்வோம். கோடையில் வாங்கிய சூட்டைத் தரை இன்னும் விடவில்லை, அதனால் பனியின் அடிப்பகுதி 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். மேகமில்லாத இரவில் மேற்பரப்போ தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானுக்கு அனுப்பிவிட்டு மைனஸ் 15க்கு இறங்கிவிடும். அதாவது மீட்டருக்கு 30 டிகிரி வித்தியாசம். இதே குளிரில் 3 மீட்டர் பனி கிடந்தால் மீட்டருக்கு 5 டிகிரிதான். ஏறத்தாழ 10 டிகிரியைத் தாண்டினாலே பனியின் குணம் மாறத் தொடங்கும்.

எப்படி? பனித்துகள்களுக்கு நடுவே இருப்பது காற்று. வெப்பமான அடிப்பகுதியில் நீராவி அதிகம், மேலே குறைவு. எனவே ஆவி மேல்நோக்கி நகர்கிறது. ஒரு துகளின் உச்சி உருகாமலே ஆவியாகி, தனக்கு மேலே இருக்கும் துகளின் அடியில் போய்ப் படிகிறது. அந்தத் துகளின் உச்சியும் ஆவியாகி அதற்கு மேலுள்ளதில் படிகிறது. இப்படிக் கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு துகளும் மேலே தேய்ந்து கீழே வளர்கிறது. சில வாரங்களில் விழுந்த பனியின் பழைய வடிவமே மிச்சமில்லை. அந்த இடத்தில் சில மில்லிமீட்டர் அளவில், பக்கமெல்லாம் வரிவரியாக, உள்ளே குழிந்த கிண்ணப் படிகங்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அத்தனை அழகு! டெப்த் ஹோர் என்பார்கள். ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. அள்ளினால் சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் வழியும்.

இதன் தலையில் ஒரு மீட்டர் புதுப்பனி விழுந்து, காற்றில் இறுகிப் பலகையாகிறது. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவில் ஒருவர் சறுக்கி வந்தால் போதும். அவர் எடையில் அடிப்படிகங்கள் நொறுங்க, விரிசல் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி, பலகை மொத்தமாகக் கழன்று வருகிறது. கத்தினால் பனி சரியும் என்பது வெறும் கட்டுக்கதை. குரலின் அழுத்தம் அதற்குப் பற்றாது. பலகைச் சரிவில் மாட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தாங்களோ கூட வந்தவர்களோ கிளப்பிவிட்ட சரிவில்தான் மாட்டுகிறார்கள்.

இந்தியாவில் இந்த ஆய்வு முக்கியமாக ராணுவத் தேவைக்காக வளர்ந்தது. 1969ல் மணாலியில் தொடங்கிய பனி ஆய்வு மையம், 2020ல் டெல்லியிலிருந்த இன்னொரு பாதுகாப்புத் துறை ஆய்வகத்தோடு இணைந்து, சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட புது ஆய்வகமானது. காஷ்மீர், இமாச்சல் கல்லூரிகளுக்கும் இதற்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். குழி தோண்டி அடுக்குகளைப் பார்க்க மண்வெட்டி, வெப்பமானி, லென்ஸ் போதும். குளிர்காலம் முழுக்கத் தோண்டப் பயிற்சி பெற்ற ஆட்களுக்குத்தான் சம்பளம் வேண்டும்.

வாசகருக்கு: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் ரோந்துக் குழு சோதித்துத் திறந்துவிட்ட சரிவுகளைத் தாண்டிப் போகாதீர்கள்.