உங்க போன்ல இருக்கறது உங்க ரகசியம் மட்டும் இல்ல

ஜெர்மன்ல 2019ல வந்த 'தாஸ் பெர்ஃபெக்டே கெஹைம்னிஸ்' படத்தை பார்த்துட்டு, நாமளும் ஒருநாள் அதுல வர்ற போன் விளையாட்டை ஆடிப்பாப்போமானு கேக்கற ஜோடிங்க இருக்காங்க. தம்பதிகளுக்கு கவுன்சிலிங் பண்றவளா சொல்றேன், வேணாங்க.

போரா டாக்டெகின் எடுத்த காமெடி, 2016ல வந்த இத்தாலியப் படத்தோட ரீமேக், ஜெர்மன் தியேட்டர்ல மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல பார்த்திருக்காங்க. மூணு ஜோடி, கூட தனியா வந்த ஃப்ரெண்ட் பெப்பே, எல்லாரும் ராத்திரி சாப்பிட உக்காந்திருக்காங்க, ஏழு போனும் டேபிள் மேல, வர்ற மெசேஜை சத்தமா படிக்கணும், கால் வந்தா ஸ்பீக்கர்ல போடணும். சிரிக்கலாம், நானும் சிரிச்சேன். ஆனா அந்த ஜோடிங்கள்ல ஒருத்தன், லியோ, தன் குட்டு வெளிய வந்துருமோனு பயந்து பெப்பேயோட போனை மாத்திக்கறான் பாருங்க, அங்கதான் விஷயமே. பெப்பேவோட காதலன், ஒரு ஆண், அனுப்பற மெசேஜ் எல்லாம் லியோ தலைல விழுது, அவன்தான் தன்பாலீர்ப்பாளர்னு மத்தவங்க நினைச்சுக்கிட்டு பேசற பேச்சை பெப்பே பக்கத்துலயே உக்காந்து கேக்கறான். அந்த டேபிள்ல பெப்பே யாருக்கும் துரோகம் பண்ணவே இல்ல.

துரோகத்தை மறைக்கறதும் தனக்குனு ஒண்ணை வச்சுக்கறதும் வேற வேற. வேற ஒரு உறவு, கடன், துணைக்கும் தொத்தக்கூடிய நோய், இதெல்லாம் சொல்லியே ஆகணும். ஆனா உங்க தங்கச்சி அவ புருஷனைப் பத்தி உங்ககிட்ட அழுத மெசேஜ், ஃப்ரெண்டோட மெடிக்கல் ரிப்போர்ட், இதெல்லாம் அவங்களோடது, அதை யாருக்கும் திறந்து காட்ட உங்களுக்கே உரிமை கிடையாது.

என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் ஸ்கிரீன்ஷாட்டோட வர்றாங்க. 'மிஸ் யூ'னு ஒரு வரி இருக்கும், முன்னாடி பின்னாடி என்ன பேசினாங்கனு இருக்காது, அதை வச்சே ஒரு மணி நேரம் சண்டை போட்டுட்டு கடைசியா "ஏன் என்கிட்ட பேசறதையே நிறுத்திட்ட"னு ஒரு கேள்வி வரும். அதை முதல்லயே கேட்டிருக்கலாம்.

படம் நடக்கற நாட்டுல சட்டமும் இருக்கு. ஜெர்மன் தண்டனைச் சட்டம் 202ஏ படி, பாஸ்வேர்டு போட்டு வச்சிருக்கற அடுத்தவங்க டேட்டாவை பூட்டை உடைச்சு பாத்தா 3 வருஷம் வரை ஜெயில், இல்ல அபராதம். கல்யாணம் ஆனதால விலக்கு ஒண்ணும் கிடையாது. தினமும் பாஸ்வேர்டு கேக்கறது, தெரியாம லொக்கேஷன் ஆப் போட்டு விடறது, இதையெல்லாம் பாசம்னு எடுத்துக்காதீங்க, அது கட்டுப்பாடு. மிரட்டல் அடி உதையும் சேர்ந்திருந்தா ஜோடியா கவுன்சிலிங் வராதீங்க, முதல்ல தனியா வந்து பேசுங்க.

ஏற்கனவே பாத்துட்டீங்களா? தெரியாத மாதிரி கேள்வி கேட்டு பொறி வைக்காதீங்க. "உன் போனைப் பாத்தேன், இதைப் பாத்தேன்"னு நேரா சொல்லி ஆரம்பிங்க. கத்தல் இருக்கும், இருக்கட்டும், பிள்ளைங்க வீட்ல இல்லாத நேரமா பாத்து பேசுங்க.